வீடியோ எடுக்கும் வரை சோறு

என் ஓரகத்தி ஊட்டச்சத்தைப் பற்றிப் பேசி நீங்கள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கூட்டம் முடிவதற்குள் எழுந்துபோய் ஒரு முட்டையை அவித்துத் தின்றிருப்பீர்கள். பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் எங்கள் பக்கத்து ஊர்களில் மகளிர் குழுக் கூட்டம் எங்கே நடந்தாலும் மைக் அவள் கைக்குத்தான் போகும். அவள் எங்கள் குழுவின் தலைவி. நான் அவளுக்கு அடுத்த இடத்தில் இருந்தேன். அதாவது சமுதாய நலக்கூடத்தின் சாவி என் இடுப்பில் இருக்கும், நாற்காலிகளைத் துடைத்துப் போடுவது என் பொறுப்பு.

அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. எனக்கு அக்கா. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். மேடையில் அக்கா பேசுவதையும் வீட்டில் அக்கா பேசுவதையும் ஒரே நாளில் கேட்கும் பாக்கியம் இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் வாய்த்தது.

மேடையில் அவள் இப்படித்தான் ஆரம்பிப்பாள்: "வயித்துப் புள்ளக்காரிக்கு மொத சோறு. புருசனுக்கு அப்பால, மாமியாருக்கு அப்பாலன்னு சொல்ற வூடு உருப்படுமா? சொல்லுங்கம்மா, உருப்படுமா?" உருப்படாது என்று கூட்டம் சொல்லும். கேழ்வரகு, கம்பு, பச்சைப்பயறு என்று தானியங்களால் அவள் போடும் கோலத்தைப் படம் எடுக்க ஆபீஸிலிருந்து ஆட்கள் வருவார்கள். சமையல் போட்டியில் அவளுடைய சத்துமாவு லட்டுக்குத்தான் எப்போதும் முதல் பரிசு. அந்த லட்டைத் தின்று பார்த்தவர்கள் குறைவு. பல்லுக்கு உத்தரவாதம் இல்லாத லட்டு அது. நடுவர்கள் கையில் வாங்கிப் பார்த்து, தலையாட்டி, திரும்ப வைத்துவிடுவார்கள்.

அவளுக்கு ஒரே மகன். மதகடிப்பட்டுப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை. அங்கேயே வேலை செய்த, கடலோரப் பனித்திட்டு ஊர்ப் பெண்ணைக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தான். நாங்கள் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். அவள் படகுக்காரர் வீட்டுப் பெண். அக்கா சாதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் தலைவி, அதெல்லாம் பேச மாட்டாள். "மீன் வாடை எனக்கு ஒத்துக்காது" என்று மட்டும் சொன்னாள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் இல்லாமல் ஒருவரும் சோற்றில் கை வைப்பதில்லை. வாடை மீனில் இல்லை, மீனைப் பிடித்த வீட்டில் இருந்தது. பெண்ணின் அம்மா பாகூர் மார்க்கெட்டில் மீன் விற்பவள். மகளைப் பார்க்க வந்தால் வாசல் கேட் அருகில் நின்று பேசிவிட்டுப் போவாள். உள்ளே வா என்று யாரும் சொன்னதில்லை, வராதே என்றும் சொன்னதில்லை. எங்கள் குடும்பத்தில் எல்லாமே நாசூக்காகத்தான் நடக்கும்.

அந்தப் பெண் உண்டானாள். அக்கா வீட்டில் தடை உத்தரவுகள் பிறந்தன. முட்டை சூடு. மீன் தின்றால் குழந்தைக்குக் கரப்பான் வரும். வாழைப்பழம் சளி. பூசணிக்காய் வாயு. பப்பாளியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் சோறும் ரசமும் மிஞ்சும். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. "ரொம்பத் தின்னா கொழந்த பெருசாயிடும். அப்பால வயித்தக் கிழிச்சிப்புடுவாங்க. அளவா தின்னணும்" என்று அக்கா சொல்வாள். அந்த அளவை அக்காவே கரண்டியால் எடுத்துக் கொடுப்பாள், எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு.

அங்கன்வாடியில் கர்ப்பிணிக்கென்று கொடுக்கிற சத்துமாவு தவறாமல் அந்த வீட்டுக்கு வந்தது. சாயங்காலம் அக்காவின் கணவருக்கு, அதாவது என் மைத்துனருக்கு, அதில் கஞ்சி. சர்க்கரை போட்டு, ஏலக்காய் போட்டு. மிச்சம் கன்றுக்குட்டிக்கு. கன்றுக்குட்டி ஒரே மாதத்தில் மின்னிக்கொண்டு நின்றது. மைத்துனரும் கொஞ்சம் பூரித்துத்தான் போனார்.

ஒருநாள் துணி காயப் போடும்போது அந்தப் பெண் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள்: "சின்னத்தே, எங்க வூட்ல பூனைக்குக்கூட மீன் தல போடுவோம். அடுத்த பொறப்புல நான் எங்கம்மா வூட்ல பூனையா பொறக்கணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற கையில் நரம்பு மட்டும் தெரிந்தது. அன்று மதியம் இரண்டு முட்டையை அவித்துச் சுவர் மேலே வைத்தேன். அவள் தின்றுவிட்டு ஓட்டைக் குப்பையில் போட்டிருக்கிறாள். அக்கா குப்பையைக் கிளறிப் பார்ப்பாள் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

"எங்க வூட்ல சோறு இல்லன்னு ஊருக்குக் காட்டறியா?" என்று அக்கா என் வாசலில் வந்து நின்றாள்.

"முட்டதானேக்கா."

"இன்னிக்கி முட்ட. நாளைக்கி நான் மருமவள பட்டினி போடறேன்னு நீயே மைக்ல பேசுவ."

மைக்கை எனக்கு யார் தரப் போகிறார்கள்? அதை அவளிடம் கேட்கவில்லை. ஒரு வாரம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. குழுக் கூட்டத்தில் மட்டும் "அடுத்து பொருளாளர் பேசுவாங்க" என்று என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் பயிற்சி மேடம் ரத்தப் பரிசோதனை முகாம் வைத்தார். அவர் மூலக்குளத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிற சின்னப் பெண். குழுக்களுக்கு ஊட்டச்சத்துப் பயிற்சி கொடுப்பது அவர் வேலை. எதைச் சொன்னாலும் சரியாகத்தான் சொல்வார், ஆனால் அவர் குரல் முதல் வரிசையைத் தாண்டாது. அதனால் அவர் சொன்னதை அக்கா மைக்கில் திரும்பச் சொல்வாள். ஊர் அதை அக்கா சொன்னதாகவே எடுத்துக்கொள்ளும்.

நலக்கூடத்தில் மேசை போட்டு நர்ஸம்மா ஊசியோடு உட்கார்ந்தார். ஊசி என்றதும் பெண்கள் பின்வாங்கினார்கள். அக்கா முன்மாதிரியாக முதல் ஆளாய்ப் போய் விரலை நீட்டினாள். நர்ஸம்மா மெஷினைப் பார்த்துவிட்டு, "அருமையா இருக்குதும்மா உங்களுக்கு. இந்த வயசுல இப்படி இருக்கறது பெரிய விஷயம்" என்றார். கைதட்டல். அக்கா எல்லாரையும் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டாள்.

அடுத்து மருமகள். நர்ஸம்மா மெஷினைப் பார்த்தார். இன்னொரு விரலில் குத்தி மறுபடி பார்த்தார். "இன்னாம்மா இது? ரத்தமே இல்லையே உனக்கு! யார் வூட்டுப் பொண்ணு இது?" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்டுவிட்டார்.

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"மெஷின் சரியில்ல நர்ஸம்மா" என்றாள் அக்கா.

"இப்பதானே உங்களுக்குப் பாத்தேன்? உங்களுக்குச் சரியாத்தானே காட்டுச்சி?"

"அது எனக்கு. இவ சாப்புடவே மாட்டேங்கறா நர்ஸம்மா. எவ்ளோ கெஞ்சறது? தட்டுல போட்டா வேணாம் வேணாம்னு எழுந்திரிச்சிடறா."

அந்தப் பெண் விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு நின்றிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "போட்டா சாப்புடுவேன்" என்றாள்.

இரண்டே வார்த்தை. குழுவில் பாதிப் பேர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். சிலர் சிரிப்பை மறைத்தார்கள். சிலருக்குத் தங்கள் வீட்டு மருமகள் நினைவு வந்திருக்கும். அக்காவின் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்த்தால் நானும் முந்தானையைத் தேட வேண்டியிருக்கும்.

பாவம், பயிற்சி மேடம்தான் தவித்துப்போனார். எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "மாதிரித் திட்டம் ஒண்ணு இருக்கு" என்று ஆரம்பித்தார். ஊரில் இருக்கும் கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் மதியம் நலக்கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. குழுப் பெண்கள் முறை வைத்துச் சமைப்பது. வீட்டுக்கு ஒன்றாக அரிசியோ காய்கறியோ பருப்போ கொண்டுவருவது. "நீங்க செஞ்சா அதிகாரியே நேர்ல வருவாரு. வீடியோ எடுத்து எல்லா கொம்யூனுக்கும் காட்டுவாங்க."

வீடியோ என்ற சொல் அக்காவின் காதில் விழுந்தது. செத்துக் கிடந்த முகத்தில் உயிர் வந்தது. மைக்கை எடுத்தாள். "எங்க குழு செய்யும்! நாளைக்கே ஆரம்பிக்கறோம்! மொத ஆளா என் மருமவளே உக்காருவா!" என்றாள்.

இந்த முறை கைதட்டலை நான்தான் தொடங்கிவைத்தேன்.

முதல் நாள் மூன்று பேர் வந்தார்கள். அக்காவின் மருமகள். மேலத் தெருவில் ஒரு நிறைமாதக்காரி. காலனியில் மாதா கோயிலுக்குப் பக்கத்து வீட்டுப் பெண். கைக்குழந்தைக்காரி, கரும்பு வெட்டுக்குப் போகிறவள். அவள் குழந்தையோடு உள்ளே வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் வாசலோரமாகவே பாயைத் தேடினாள். அக்காவும் அந்த ஓரத்தைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வீடியோல ஒரே வரிசையா இருந்தாத்தானே நல்லா இருக்கும்? இவங்க இங்க, அவங்க அங்கன்னு இருந்தா கேள்வி கேப்பாங்க" என்றேன்.

தூக்கிய கை காற்றிலேயே ஒரு வட்டம் போட்டது. "ஏம்மா அங்கயே நிக்கிற? வா, இப்பிடி நடுவுல வந்து உக்காரு" என்றாள் அக்கா. எங்கள் ஊரில் எத்தனையோ தலைவர்கள் வந்து சமத்துவம் பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது வெறுமனே பேசாமல் கேமராவோடு வந்திருக்கலாம்.

சாப்பாடு ஆயிற்று. கேமரா வரவில்லை. மேடம் போன் செய்தார்: அதிகாரிக்கு அவசர மீட்டிங், நாளைக்கு வருகிறார். மறுநாளும் சமைத்தோம். அன்றும் வரவில்லை. அடுத்த நாள் மழை. அதற்கு அடுத்த வாரம் அதிகாரி மாற்றலாகிப் போனார். புது அதிகாரி இன்னும் நாற்காலியில் உட்காரவில்லை. அக்காவுக்குச் சலிப்புத் தட்டியது. "வர்றப்ப சொல்லட்டும், அன்னிக்கி ஆக்கிக்கலாம்" என்றாள்.

"சொல்லாமலே திடீர்னு வந்தாலும் வருவாரு" என்று மேடம் என்றைக்கோ ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அதை நான் விட்டுவிடவில்லை. கொஞ்சம் காலும் கையும் வைத்து அக்காவிடம் சேர்த்தேன். "புது ஆபீசர் ரொம்பக் கண்டிப்பாம்க்கா. தகவல் குடுத்துட்டு வந்தா நடிப்பாங்கன்னு சொல்லாமலே வருவாராம். போன வாரம் ஏதோ ஒரு ஊர்ல திடீர்னு போய் எறங்கினாராம். அங்க அடுப்பே பத்த வைக்கலியாம். தலைவிய எல்லார் எதிர்லயும் கேட்டுட்டாராம்."

அக்கா மறுநாள் எனக்கு முன்னால் வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள்.

அதன் பிறகு எனக்கு வேலை சுலபம். மேடம் கொடுத்த உணவு முறையில் தினமும் முட்டை இருந்தது. "முட்ட சூடாச்சே" என்று அக்கா இழுத்தாள். வீடியோவில் தட்டில் முட்டை தெரிய வேண்டும் என்றேன். முட்டை வந்தது. அதே முட்டை அக்கா வீட்டு வாசற்படியைத் தாண்டினால் சூடு, நலக்கூடத்தில் குளிர்ச்சி. கீரை, பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், வாழைப்பழம் என்று ஒவ்வொன்றாகத் தடை நீங்கியது. வாழைப்பழத்துக்குச் சளி பிடிக்கும் குணம் போய்விட்டது. தட்டில் மஞ்சளாக ஒன்று இருந்தால் படத்தில் எடுப்பாக இருக்கும் என்று அக்காவே சொன்னாள்.

மீன் மட்டும் பாக்கி. ஒருநாள் மார்க்கெட் முடிந்து அந்தப் பெண்ணின் அம்மா நேராக நலக்கூடத்துக்கு வந்துவிட்டாள். கையில் தூக்குச்சட்டி. அது யார் வீட்டு வாசலும் இல்லை, பொதுக் கட்டடம். அவள் படியேறி உள்ளே வந்து, மகள் எதிரில் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். சங்கரா மீன் குழம்பு. மாங்காய் போட்டது. வாசம் தெருவரைக்கும் போனது.

மகள் தட்டைப் பார்த்தாள், அக்கா வருகிறாளா என்று வாசலைப் பார்த்தாள். "சாப்புடுடி" என்று சொல்லிவிட்டு அம்மாவே முள்ளை எடுத்து எடுத்துச் சோற்றின் மேல் வைத்தாள். கல்யாணமான பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஒரு கூரைக்குக் கீழே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா முள் எடுத்தாள்; மகள் தின்றாள். நடுவில் ஒருமுறை மகள் மூக்கை உறிஞ்சினாள். "காரம் ஜாஸ்தியா?" என்று அம்மா கேட்டாள். "இல்லம்மா, சரியாத்தான் இருக்குது" என்றாள் மகள்.

அப்போது அக்கா வந்தாள். வாசலில் நின்றாள். மீன்காரம்மா எழுந்திருக்கவில்லை. மார்க்கெட்டில் ஆயிரம் பேரைச் சமாளித்தவள். "வா சம்பந்தி, உக்காரு. உனக்கும் இருக்குது" என்று ஒரு தட்டை இழுத்துச் சோற்றைப் போட்டு, பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள்.

தட்டில் விழுந்த மீனைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் குடும்பத்து ரத்தத்தில் கிடையாது. அக்கா உட்கார்ந்தாள். தின்றாள். "உப்பு கொஞ்சம் கம்மி" என்றாள். "போட்டுக்க சம்பந்தி" என்று மீன்காரம்மா உப்பு ஜாடியை நகர்த்தினாள். அக்கா உப்பைத் தொடவில்லை, இன்னொரு துண்டு வாங்கிக்கொண்டாள். மீன் வாடையைப் பற்றி அன்று பேச்சே எழவில்லை. அதன் பிறகு வாரத்தில் ஒரு நாளாவது தூக்குச்சட்டி வந்தது. அக்கா அன்றைக்கு மட்டும் வீட்டில் காலைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள்.

டீக்கடையில் ஆண்கள் பேசாமல் இருப்பார்களா? "இன்னாபா, உங்க வூட்ல அடுப்பு இல்லியா? பொம்பளைங்க சத்திரத்துல போய்த் தின்னுதுங்க" என்று என் மைத்துனரைக் கிண்டல் செய்திருக்கிறார்கள். மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நலக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"மணி இன்னா ஆவுது? எனக்குச் சோறு யாரு போடறது?"

அக்கா வரிசையில் பரிமாறிக்கொண்டிருந்தாள். எந்த நிமிடம் அதிகாரி வருவாரோ என்று பட்டு மாதிரிப் புடவை வேறு கட்டியிருந்தாள். "குண்டான்ல இருக்குது. கரண்டி பக்கத்துல இருக்குது. கை உன்னாண்ட இருக்குது" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் சாம்பாரைப் பார்த்தேன். திரும்பிப் போய்விட்டார். அன்று முதல் அவர் தானே போட்டுச் சாப்பிட்டார். ஊர் இடிந்து விழவில்லை. மருமகளின் மாவை யாரும் தொடக்கூடாது, அதுவும் நலக்கூடத்துக்கு வர வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டதால் சாயங்காலக் கஞ்சியும் நின்றது. கன்றுக்குட்டி மறுபடி புல்லுக்குத் திரும்பியது.

மாதங்கள் போயின. அந்தப் பெண்ணின் கன்னம் தெரிந்தது. நர்ஸம்மா மறுபடி விரலில் குத்திப் பார்த்து, "பரவால்லியே" என்றார். அக்கா உடனே, "மெஷின மாத்திட்டீங்களா நர்ஸம்மா?" என்று கேட்டாள்.

பிரசவ வலி வந்தபோது இரண்டு அம்மாக்களுமாக அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆண் குழந்தை. கொழுக்கு மொழுக்கென்று, தூக்கினால் கை வலிக்கிற குழந்தை. கத்தி இல்லாமல், கிழிக்காமல், சுகப்பிரசவம். பெரிய குழந்தை என்றால் ஆபரேஷன்தான் என்று கரண்டியால் அளந்து போட்ட அக்கா, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று எல்லாருக்கும் சொன்னாள்: "நான் அப்பவே சொன்னேன். நல்லாத் தின்னாத்தான் சுகப்பிரசவம் ஆவும். எங்க, இந்தக் காலத்துப் பொண்ணுங்க சொன்னா கேக்குதுங்க?"

மீன்காரம்மா என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். அவ்வளவுதான்.

இப்படி எல்லாம் நல்லபடியாக முடிந்த மறுநாள் காலை மேடம் போன் செய்தார். அதிகாரி புறப்பட்டுவிட்டார், கேமராவோடு.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தாள். அடுப்பு எரிந்தது, சமையல் ஆயிற்று, தானியக் கோலம் போட்டாயிற்று. கர்ப்பிணி மட்டும் இல்லை. மேலத் தெருக்காரி பிரசவம் முடிந்து அம்மா வீட்டில் இருந்தாள். காலனிப் பெண் இருந்தாள். ஆனால் அவள் குழந்தைக்காரி, வயிற்றுக்காரி இல்லை. மேடம் அழாத குறை. "ஒரு கர்ப்பிணியாவது இருக்கணும் ஆண்ட்டி... திட்டத்தோட பேரே அதுதான்."

அக்கா கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். பார்வை என் மேல் வந்து நின்றது. கீழே இறங்கி என் வயிற்றில் நின்றது.

"அக்கா, வேணாம்" என்றேன்.

"பக்கவாட்டுல எடுத்தா தெரியாதுங்க ஆண்ட்டி" என்றார் மேடம்.

எனக்கு ஐம்பது நெருங்குகிறது. என் வயிறு, சமைத்ததை வீணாக்கக் கூடாது என்ற கொள்கையால் மாதக்கணக்கில் மிச்சச் சோற்றில் வளர்ந்தது. இந்தத் திட்டத்தால் அதிகம் ஊட்டம் பெற்றது யார் என்று கேட்டால் கன்றுக்குட்டிக்கு அடுத்தபடியாக நான்தான். என்னை உட்கார வைத்து, கை நிறைய வளையல் அடுக்கி, கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். நிறைய மல்லிகைப் பூ வைத்து நரையை மறைத்தார்கள். காலனிப் பெண் என் பக்கத்தில் குழந்தையோடு உட்கார்ந்து சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள்.

அதிகாரி நல்ல மனிதர். குனிந்து என் தட்டில் தானே முட்டையை வைத்தார். "எத்தனாவது மாசம்மா?" என்று கேட்டார்.

"சரியாத் தெரியலீங்க சார்" என்றேன்.

"அறியாமை. இதைத்தான் முதல்ல போக்கணும்" என்று அவர் மேடத்திடம் சொன்னார். கேமரா அதையும் பதிவு செய்தது.

மறுநாள் வீடியோ எல்லா வாட்ஸப்பிலும் சுற்றியது. என் கணவர் டீக்கடையிலிருந்து வந்து, என்னையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னையில் வேலை பார்க்கும் என் மகன் போன் செய்து, "அம்மா, இன்னா இது? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்றான். பாதி விளையாட்டு, பாதி பயம். அந்தப் பயத்தைத் தெளிய வைக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.

வீடியோ முடிந்தது, அக்காவின் கணக்கில் சோறும் முடிந்தது. "அதான் வந்து பாத்துட்டாங்களே. கூடத்தப் பூட்டி வை" என்றாள். நானும் பூட்டினேன். என்னிடம் மிச்சம் இருந்த பொய் எதுவும் அவளை அசைக்காது என்று தெரிந்தது.

சில வாரம் கழித்து ஒரு மதியம். நலக்கூடத்து வாசலில் அந்தப் பெண் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காலனிப் பெண். இருவர் மடியிலும் காலித் தட்டு. வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு ஆள் அனுப்பவில்லை, அக்காவையும் கூப்பிடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

சேதி கேட்டு நான் போய் நின்றேன், அக்காவும் ஓடிவந்தாள். "இன்னாடி இது, பிச்சக்காரி மாதிரி? வூட்ல சோறு இல்லியா?"

"இருக்குது அத்தே. எல்லாரும் சாப்ட்டப்பறம் இருக்குது" என்றாள் அவள். குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "பால் குடுக்கறவளுக்கும் உண்டுன்னு வீடியோல நீங்கதானே சொன்னீங்க? ஊரே பாத்துச்சி."

அக்கா தெருவைப் பார்த்தாள். தெரு அவளைப் பார்த்தது. "சாவி எங்கடி?" என்று என்னிடம் கத்தினாள்.

பிறகு அந்த வீடியோவுக்குப் பரிசு கிடைத்தது. வில்லியனூரில் விழா. மருமகளும் மேடைக்கு வர வேண்டும், குழந்தையோடு நிற்க வேண்டும் என்று அக்கா அவளுக்கு ஒரு புடவையும் எடுத்துவைத்திருந்தாள். ஆட்டோ வந்து நின்றது. அந்தப் பெண் நலக்கூடத்தில் உட்கார்ந்து பயற்றங்குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தாள். "நீங்க போய் வாங்கிக்கினு வாங்க அத்தே. எனக்குப் பசிக்குது" என்றாள். அக்கா தனியாகப் போனாள். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசியதாகக் கேள்வி.

இப்போதும் சமைக்கிறோம். ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். முறைக்காரி கல்யாணத்துக்குப் போய்விட்டால் அன்று வெறும் எலுமிச்சம்பழச் சோறு. கரும்பு வெட்டுக் காலத்தில் பாதிப் பேர் வர மாட்டார்கள். அக்கா வீட்டில் இன்னும் முட்டை சூடுதான். மேடம் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். புதிதாக வந்திருப்பவர் வாரம் ஒரு போட்டோ அனுப்பச் சொல்கிறார்.

போன வாரம் குளத்தங்கரை வீட்டில் ஒரு மருமகள் உண்டாகியிருப்பதாகத் தெரிந்தது. மாமியார்க்காரி அனுப்ப மாட்டேன் என்றுவிட்டாள். "எங்க வூட்ல சோறு இல்லியா?" என்று கேட்டாளாம். நான் போய்ப் பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை. அக்காவிடம் சொன்னேன்.

அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். அந்த வீட்டு வாசலில் நின்று அவள் போட்ட சத்தம் நலக்கூடத்து அடுப்படி வரைக்கும் கேட்டது. "வயித்துப் புள்ளக்காரிய பட்டினி போட்டுட்டு உனக்கு இன்னாடி மானம்? பொம்பளையா நீ? அனுப்பறியா, இல்ல நான் மைக் எடுத்துக்கினு வரட்டா?"

அவளுடைய மருமகள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுப் பெண் கூச்சத்தோடு படியேறி வந்தாள். நாங்கள் என்ன போடுகிறோம் என்று வேவு பார்க்க அவள் மாமியாரும் பின்னாலேயே வந்துவிட்டாள். அவளுக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தோம்.